சிவப்பு நாடா: ஒரு மரபுத்தொடரின் வரலாறு



ஆங்கிலம் பயிலும் மாணவனுக்கு இலக்கணம் தரும் தொல்லை ஒரு பங்கு என்றால், மரபுத்தொடர் தரும் தொல்லை மூன்று பங்கு. இலக்கணத்திற்கு விதி உண்டு. விதியைப் படித்தால் வழி புலப்படும். மரபுத்தொடரிலோ சொற்கள் ஒவ்வொன்றின் பொருளும் தெரிந்திருக்கும்; அவை கூடி நின்று தரும் பொருள் மட்டும் தெரியாது. நம் மொழியிலும் இதுவே நிலை. 'கம்பி நீட்டினான்' என்று நாம் சொல்லக் கேட்ட பிறநாட்டார் ஒருவர் கம்பி எங்கே என்று தேடுவாரேயன்றி, ஓடிப்போனவனைத் தேடமாட்டார்.

இத்தகைய தொடர்களை உருப்போட்டு மனத்தில் நிறுத்துவது ஒரு வழி. அவை பிறந்த இடத்தையும் காலத்தையும் தேடிச் சென்று பார்ப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழி சற்று நீண்டது. ஆயினும், அவ்வழியே சென்றவன் தொடரின் பொருளை மறப்பதில்லை. அதனோடு, அத்தொடரை ஆக்கிய மக்கள் எதனால் வருந்தினார்கள், எதனைக் கண்டு சினந்தார்கள் என்பதையும் அறிந்துகொள்கின்றான்.

ஆங்கிலர் எரிச்சலோடு சொல்லும் தொடர்களுள் மிகப் பரவியதாகிய 'ரெட் டேப்' என்பதனை இன்று எடுத்துக்கொள்வோம். நம் பத்திரிகைகள் இதனைச் 'சிவப்பு நாடா' என்று அப்படியே தமிழாக்கி வழங்குகின்றன. ஒரு சிறு அலுவலின்பொருட்டு நாம் ஒரு கந்தோருக்குப் போகின்றோம். இந்தப் பத்திரம் போதாது, இன்னொன்று வேண்டும் என்கின்றார்கள். இந்த மேசையன்று, அந்த மேசை என்கின்றார்கள். அந்த மேசைக்குரியவர் விடுமுறையில் இருக்கின்றார். மறுவாரம் போனால், கொண்டுசென்ற பத்திரத்தின் காலம் கடந்துவிட்டது என்கின்றார்கள். இந்த அனுபவம் வாய்க்காதவர் நம்முள் அரியர். இதற்கு ஆங்கிலர் வைத்த பெயரே சிவப்பு நாடா. அலைச்சலுக்கும் நாடாவிற்கும் என்ன தொடர்பு? அது ஏன் சிவப்பாக இருக்கவேண்டும்?

விடை காணப் பதினேழாம் நூற்றாண்டின் இலண்டனுக்குப் போகவேண்டும். அக்காலத்தில் இன்றுள்ளன போன்ற மட்டைக் கோவைகள் இல்லை. கம்பிக் கவ்விகளும் இல்லை. வழக்கறிஞரும் அரசாங்க அலுவலரும் தம் பத்திரங்களை நீளவாட்டில் மடித்து, புறத்தே பொருளைக் குறித்து, ஒரு வழக்கிற்குரியவற்றை எல்லாம் ஒன்றுசேர்த்து, மெல்லிய நெய்த நாடாவினாற் கட்டி வைப்பார்கள். அந்த நாடா பெரும்பாலும் சிவப்பு நிறமுடையது. 1658 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த செய்தித்தாள் ஒன்றில் ஒரு சிறு விளம்பரம் காணப்படுகின்றது. சிவப்பு நாடாவினாற் கட்டிய சிறிய காகிதக் கட்டு ஒன்று காணாமற் போய்விட்டது என்றும், கண்டெடுத்துக் கொடுப்பவருக்கு வெகுமதி உண்டு என்றும் அந்த விளம்பரம் அறிவிக்கின்றது. அந்தக் கட்டினுள் இருந்தவை எவையென நாம் அறியோம். காணியுறுதியாகவும் இருக்கலாம், கடன் சீட்டாகவும் இருக்கலாம். ஆனால், இழந்தவரின் மனம் பட்ட பாடு அந்தச் சில வரிகளிலே தெரிகின்றது.

இதனை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். சிவப்பு நாடா முதன்முதலில் எரிச்சலின் சின்னமாக இருந்ததில்லை; அது பாதுகாப்பின் சின்னமாகவே இருந்தது. ஒருவனுடைய உரிமைக்குச் சான்றாகிய தாள்கள் சிதறிப் போகாமல், ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பதற்காகவே அது கட்டப்பட்டது. இன்றும் இங்கிலாந்தின் வழக்குரைஞர்கள் தம் வழக்குக் கட்டுகளை நாடாவினாற் கட்டுவதுண்டு. பெயர்தான் சிவப்பு, பார்வைக்கு அது இளஞ்சிவப்பு. இந்த நாடாவை நெய்வதற்கென்றே ஆலைகள் இருந்தன. டார்பிஷயர் மாகாணத்தில் உள்ள வேர்க்ஸ்வேர்த் என்னும் சிற்றூர் அத்தொழிலுக்குப் பெயர்பெற்றது.

காக்கும் பொருட்டுக் கட்டிய நாடா கட்டிப்போடும் நாடாவாக மாறிய காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. அந்நூற்றாண்டில் பிரித்தானிய அரசாங்கத்தின் அலுவல் பன்மடங்கு பெருகிற்று. தொழிற்சாலைகள் எழுந்தன, நகரங்கள் வீங்கின, கடல்கடந்த நாடுகள் பல அதன் ஆட்சிக்குள் வந்தன. அலுவல் பெருகியபோது காகிதமும் பெருகிற்று. ஆனால் அலுவல் செய்யும் முறையோ பழைய மன்னர் காலத்து முறையாகவே நின்றது. பொதுமக்கள் கந்தோருக்குப் போனால் அவர்கள் கண்ணிற் படுவன நாடா கட்டிய கட்டுகளும், அவற்றை அவிழ்க்காமலே வைத்திருக்கும் மனிதர்களுமே. ஆகவே நாடாவின் பெயர் அந்த மனிதருக்கும், பின்னர் அந்த முறைக்கும் ஆகிவந்தது. ஆகுபெயர் என்று நம் இலக்கணிகள் சொல்வது இதனையே. தோமஸ் கார்லைல் 1850 ஆம் ஆண்டில் வெளியிட்ட துண்டுப்பிரசுரங்களில் இலண்டன் அரசாங்க அலுவலகங்களைச் சாடியபோது, இச்சொல் சாட்டையடி போலப் பயன்பட்டது.

ஆயினும் இச்சொல்லின் உட்பொருளை எளிய மக்களின் நெஞ்சில் ஏற்றியவர் சார்ல்ஸ் டிக்கின்ஸ். அதே 1850 ஆம் ஆண்டில், தாம் நடத்திய வார இதழில், ஓர் ஏழைத் தொழிலாளி தன் கண்டுபிடிப்புக்கு உரிமைப் பத்திரம் பெறச் சென்ற கதையை அவர் எழுதினார். கதாநாயகன் ஒரு கொல்லன். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்துப் பொறி ஒன்றை ஆக்குகின்றான். அதனைப் பிறர் திருடிக்கொள்ளாமல் காப்பதற்காக உரிமைப் பத்திரம் வேண்டி இலண்டனுக்கு வருகின்றான். அரசியாருக்கு ஒரு விண்ணப்பம். ஓர் அதிகாரி முன்னிலையில் உறுதிமொழி. உள்நாட்டு அமைச்சரின் ஒப்பம். சட்டத்துறைத் தலைவரின் அறிக்கை. மறுபடியும் உள்நாட்டு அமைச்சு. மறுபடியும் அரசியாரின் ஒப்பம். பின்னர் ஒரு முத்திரைக்கு ஓர் அலுவலகம், மற்றொரு முத்திரைக்கு மற்றோர் அலுவலகம். இப்படி முப்பத்தைந்து படிகளை அவன் கடக்கின்றான். படிதோறும் கட்டணம். முடிவில் ஆன செலவு 96 பவுணும் 7 சிலிங்கும் 8 பென்சும். அதுவும் இங்கிலாந்துக்கு மட்டும் செல்லும் உரிமை. தான் செய்த குற்றந்தான் என்ன என்பதே அந்தக் கொல்லனுடைய கேள்வி. நாட்டுக்குப் பயன்படும் ஒன்றைச் செய்தவன் குற்றவாளியைப் போல வாயில்தோறும் நிற்கவேண்டியது ஏன்?

கொல்லன் கற்பனைப் பாத்திரம். அவன் ஏறிய படிகள் கற்பனையல்ல. அவை அக்காலத்துச் சட்டத்தில் உள்ளபடியே இருந்தவை. 1851 இல் இலண்டனிற் பெருங்கண்காட்சி நடைபெற்றபோது, புதிய பொறிகளை எல்லாம் உலகின் முன்னே வைத்த நாடு, அவற்றை ஆக்கியவனுக்கு உரிமை வழங்குவதில் இத்தனை தடை வைப்பதா என்ற கேள்வி வலுத்தது. 1852 இல் புதிய சட்டம் வந்தது. பல அலுவலகங்களுக்குப் பதிலாக ஓர் அலுவலகம் நிறுவப்பட்டது. தொடக்கக் கட்டணம் 25 பவுணாகக் குறைந்தது. ஆண்டுக்குச் சில நூறாக இருந்த விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்காகப் பெருகின. அதற்கு முன்னர் எத்தனை ஏழைகளின் கண்டுபிடிப்புகள் முப்பத்தைந்து படிகளுக்கு அஞ்சி வீட்டு மூலையிலே துருப்பிடித்தனவோ, அதற்குக் கணக்கில்லை.

நாடா முதலில் பறித்தது காலத்தையும் பணத்தையும். அது உயிரையும் பறிக்கும் என்பதை ஆங்கில மக்கள் 1854 ஆம் ஆண்டில் அறிந்தார்கள்.

அவ்வாண்டிலே பிரித்தானியா, பிரான்சோடு சேர்ந்து, ருஷியாவுக்கு எதிராகக் கிரிமியாப் போரில் இறங்கிற்று. செப்டெம்பர் மாதத்தில் படை கிரிமியாவிற் கரையேறியது. குளிர்காலத்திற்கு முன் போர் முடிந்துவிடும் என எண்ணினார்கள்; முடியவில்லை. நவம்பர் 14 ஆம் நாள் எழுந்த பெரும் புயலில், குளிருக்குரிய உடைகளை ஏற்றிவந்த கப்பல் பலக்கிளாவாத் துறைமுகத்தின் புறத்தே மூழ்கியது. அஃது இயற்கையின் கொடுமை. அதன்பின் நிகழ்ந்தவை இயற்கையின் கொடுமையல்ல.

படைவீரருக்குக் கோப்பி வழங்கப்பட்டது. ஆனால் அது வறுக்காத பச்சைக் கொட்டையாக வழங்கப்பட்டது. சேற்றிலும் பனியிலும் கூடாரமடித்துக் கிடந்தவர்களுக்கு வறுக்கச் சட்டியும் இல்லை, விறகும் இல்லை, அரைக்கக் கருவியும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் மட்டும் கோப்பி வழங்கியாயிற்று என்று பதிவாயிற்று.

பச்சைக் காய்கறியும் பழமும் கிடையாமையால் வீரரிடையே ஸ்கேர்வி என்னும் நோய் பரவியது. பல்லீறு வீங்கிக் குருதி கசியும், கைகால் ஓயும், கடைசியில் உயிர் போகும். தேசிக்காய்ச் சாறு இந்நோய்க்கு மருந்து என்பது பிரித்தானியர் அறியாததன்று. அவர்களுடைய கடற்படை 1795 ஆம் ஆண்டு தொடக்கம் மாலுமிகளுக்குப் பழச்சாறு வழங்கிவந்தது. 1854 டிசம்பரில் 20,000 இறாத்தலுக்கு மேற்பட்ட தேசிக்காய்ச் சாறு பலக்கிளாவாவுக்கு வந்து சேர்ந்தது. சில கல் தொலைவிலே நோயாளிகள் கிடந்தார்கள். ஆயினும் 1855 பெப்ரவரி வரை அந்தச் சாறு வழங்கப்படவில்லை. காரணம் என்ன? படைவீரனுடைய நாளாந்த உணவுப் பட்டியலில் தேசிக்காய்ச் சாறு என்னும் சொல் இல்லை. பட்டியலில் இல்லாததை வழங்கக் கட்டளையும் இல்லை. வழங்கக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். வழங்கலாம் என்று சொல்ல எவரும் துணியவில்லை, அவ்வளவே.

1854 நவம்பர் 4 ஆம் நாள் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் முப்பத்தெட்டுத் தாதியரோடு ஸ்கூட்டாரி மருத்துவமனையை வந்தடைந்தார். அங்கே நோயாளிகள் உடையின்றி நடுங்கினர். அம்மையாரின் வேண்டுகோளின்படி இங்கிலாந்திலிருந்து ஏறத்தாழ 27,000 மேற்சட்டைகள் வந்து இறங்கின. ஆனால், ஒரு குழு கூடிப் பார்வையிட்டாலன்றிப் பொதிகளை அவிழ்க்க முடியாது என்றார் களஞ்சியப் பொறுப்பாளர். குழு கூடி அனுமதி வழங்க மூன்று வாரம் சென்றது. அந்த மூன்று வாரமும் சட்டைகள் பொதிக்குள் இருந்தன. நோயாளிகள் குளிரில் இருந்தார்கள். அம்மையார் காத்திருக்கும் இயல்பினரல்லர். பொதுமக்கள் திரட்டிய நிதியையும் தம் கைப்பணத்தையும் கொண்டு கொன்ஸ்தாந்திநோப்பிள் கடைத்தெருவிலே தேவையானவற்றை வாங்கிக் கொடுத்தார்.

அப்போரில் மாண்ட பிரித்தானிய வீரருள், பகைவர் குண்டுக்கு இரையானவரைவிட நோய்க்கு இரையானவரே பன்மடங்கு அதிகம். இச்செய்திகளை வில்லியம் ஹவார்ட் ரசல் என்னும் நிருபர் களத்திலிருந்து எழுதியனுப்ப, இலண்டன் மக்கள் காலை உணவு மேசையிலிருந்து அவற்றைப் படித்துக் கொதித்தார்கள். 1855 ஜனவரி 29 ஆம் நாள், படையின் நிலையை விசாரிக்கக் குழு வேண்டும் என்ற பிரேரணை பாராளுமன்றத்தில் 305 வாக்குக்கு 148 வாக்காக நிறைவேறிற்று. அபர்தீன் பிரபுவின் அரசாங்கம் வீழ்ந்தது. அன்றுமுதல் சிவப்பு நாடா என்னும் சொல் வெறும் கேலிச்சொல்லாக இருக்கவில்லை. அதில் கண்ணீரும் கலந்தது.

அவ்வாண்டிலே நிருவாகச் சீர்திருத்தத்திற்கென ஒரு சங்கம் தோன்றியது. ஜூன் 27 ஆம் நாள் துரூரி லேன் நாடகசாலையில் நடந்த அதன் கூட்டத்தில் டிக்கின்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். அதில் அவர் எடுத்துக்காட்டிய வரலாறு சுவையானது. இங்கிலாந்தின் திறைசேரியில் மிகப் பழங்காலத்தில் மரக்குச்சிகளில் வெட்டு வெட்டிக் கணக்கு வைப்பார்கள். எழுத்தும் தாளும் பெருகிய பின்னரும் அவ்வழக்கம் நூற்றாண்டுக் கணக்காக விடப்படவில்லை. 1826 இலேதான் அது முற்றாக ஒழிந்தது. சேர்ந்து கிடந்த குச்சிகளை என்ன செய்வது? அயலில் உள்ள ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாம். ஆனால், அவை ஒருபோதும் பயன்பட்டவையல்ல. பயன்படுத்தும் முறையும் இல்லை. ஆகவே 1834 ஒக்டோபர் 16 ஆம் நாள், பிரபுக்கள் சபையின் அடுப்பில் அவற்றை இட்டு எரித்தார்கள். அடுப்பு மிகைச் சூடேறி, அடுத்த மரவேலைகளில் தீப்பற்றி, பாராளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதி எரிந்தது. பயனற்ற வழக்கத்தை விடாது பற்றிக்கொண்டிருந்தால், அஃது ஒருநாள் வீட்டையே எரித்துவிடும் என்பது டிக்கின்ஸ் காட்டிய பாடம். அவ்வாண்டின் இறுதியில் வெளிவரத் தொடங்கிய 'லிட்டில் டொரிட்' என்னும் நாவலிலே, எந்த அலுவலையும் எப்படிச் செய்யாமல் இருப்பது என்பதையே கலையாகப் பயின்ற ஓர் அரசாங்க அலுவலகத்தையும் அவர் படைத்தார்.

இதுவரை கேட்ட நேயர்கள், விதிகளையும் பத்திரங்களையும் ஒருங்கே எரித்துவிட்டால் உலகம் உய்யும் என்று எண்ணக்கூடும். அப்படி முடிவு செய்வதற்கு முன் நாணயத்தின் மறுபுறத்தையும் திருப்பிப் பார்க்கவேண்டும்.

படைவீரர் மாண்ட அதே 1854 ஆம் ஆண்டில், நோர்த்கோட், திரெவெலியன் என்னும் இருவரின் பெயரால் வழங்கும் அறிக்கை ஒன்று வெளியாயிற்று. அதுவரை இங்கிலாந்தில் அரசாங்க உத்தியோகம் பெரும்பாலும் பெரிய மனிதரின் சிபாரிசினாற் கிடைத்து வந்தது. உறவினரும் வேண்டியவரும் இடம் பெற்றனர். தகுதியுடையோர் வாயிலில் நின்றனர். இந்நிலை மாற, போட்டிப் பரீட்சை வைத்து ஆட்களைத் தெரிய வேண்டும், திறமை நோக்கியே உயர்வு அளிக்கவேண்டும் என்று அவ்வறிக்கை விதந்துரைத்தது. இதன்வழி 1855 மே மாதத்தில் பொதுச்சேவை ஆணைக்குழு அமைந்தது. அறிக்கை எழுதியவருள் ஒருவராகிய சார்ல்ஸ் திரெவெலியன் பின்னர் சென்னையின் ஆளுநராகவும் இருந்தவர்.

இந்தச் சீர்திருத்தம் செய்தது யாது? மேலும் பல விதிகளைச் செய்தது. பரீட்சைக்கு விதி, வயதுக்கு விதி, உயர்வுக்கு விதி. சிபாரிசுக் கடிதத்தோடு வந்த செல்வன் மகனுக்கு அவையெல்லாம் தொல்லைதரும் நாடாக்களே. சிபாரிசு இல்லாத ஏழையின் மகனுக்கோ அவையே ஏறிச்செல்லும் கயிறு. 1977 இல் சிவப்பு நாடாவைப் பற்றியே ஒரு நூல் எழுதிய ஹேர்பேட் கோவ்மன் என்னும் அமெரிக்க அறிஞரும், ஒருவருக்கு நாடாவாகத் தோன்றுவது மற்றொருவருக்குக் காப்பாக இருக்கின்றது என்னும் கருத்தை வற்புறுத்தினார்.

நைற்றிங்கேல் அம்மையாரின் வாழ்வும் இதனையே மெய்ப்பிக்கின்றது. நாடாவோடு அவரைப் போலப் போராடியவர் இல்லை. ஆனால் அவரைப் போலத் தாளையும் கணக்கையும் மதித்தவரும் இல்லை. எத்தனை பேர் எந்த நோயால் எந்த மாதத்தில் மாண்டார்கள் என்று பட்டியல் இட்டு, வரைபடம் வரைந்து, அதனைக் கொண்டே அரசாங்கத்தை அசைத்தார். இலண்டன் புள்ளிவிபரக் கழகம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே பகை காகிதத்தோடு அன்று. மனிதனுக்காகக் காகிதமா, காகிதத்திற்காக மனிதனா என்பதே கேள்வி.

இனி, இத்தொடர் நம்மிடம் வந்த வகையைச் சிறிது பார்ப்போம். இலங்கைத் தமிழில் அலுவலகத்தோடு தொடர்புடைய சொற்களை எண்ணிப் பார்த்தால், நம்மை ஆண்டவர்களின் வரிசை அப்படியே தெரிகின்றது. காணிப் பதிவேட்டைக் குறிக்கும் 'தோம்பு' போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. 'கந்தோர்' ஒல்லாந்தர் சொல். 'கச்சேரி' இந்துஸ்தானியிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுவந்தது. 'பெட்டிசம்' ஆங்கிலத்திலிருந்து நாமே திரித்துக்கொண்டது. ஆட்சிகள் போய்விட்டன, அவற்றின் கதவில் நாம் காத்து நின்ற நினைவு நம் மொழியில் தங்கிவிட்டது.

கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளின் விளைவாக 1833 இல் இலங்கை ஐந்து மாகாணங்களாக ஒரே நிருவாகத்தின் கீழ் வந்தது. அதன்பின் நூற்றாண்டுக்கு மேலாகக் கச்சேரியின் மொழி ஆங்கிலம். இங்கிலாந்தின் ஏழைக்கு விதி என்னும் ஒரு முடிச்சே இருந்தது. நம் கிராமத்து ஏழைக்கு விதி ஒரு முடிச்சு, மொழி மற்றொரு முடிச்சு. தன் குறையைத் தன் வாயாற் சொல்ல இயலாமல், பெட்டிசம் எழுதுபவருக்குக் கூலி கொடுத்து, தான் சொன்னதைத்தான் அவர் எழுதினாரா என்பதும் தெரியாமல் கைநாட்டு வைத்துக் கொடுத்தவர்களின் தொகை சிறிதன்று.

1905 தொடக்கம் யாழ்ப்பாணக் கச்சேரியிலும், பின்னர் கண்டியிலும், அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகவும் பணிபுரிந்த லெனாட் வூல்ஃப், அலுவலகத்திற்கு வரும் கடிதத்திற்கு வந்த நாளிலேயே மறுமொழி போகவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்ததைத் தம் வரலாற்று நூலிற் சொல்கின்றார். அவ்விளைஞரின் கண்டிப்பு அலுவலகத்தார் பலருக்கு உவப்பாக இருக்கவில்லை. அவரே பின்னர், 1913 இல், காட்டோரக் கிராமம் ஒன்று அழிந்த கதையை நாவலாக எழுதினார். அதில், தன்னைச் சுற்றி நடக்கும் வழக்கு இன்னதென்று விளங்காமலே ஒரு கிராமத்தவன் நீதிமன்றத்தில் நிற்கின்றான். கடிதத்திற்கு அன்றே மறுமொழி போனாலும், அந்த மறுமொழி விளங்காதவனுக்கு முடிச்சு அவிழ்ந்ததாகாது என்பதை வூல்ஃப் உணர்ந்திருந்தார் போலும்.

இங்கே ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அலைக்கழிவுக்கு நம் முன்னோர் வைத்த பழமொழி, 'சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி வரங்கொடான்' என்பது. ஆங்கிலர் நாடாவை நொந்தனர். நாம் பூசாரியை நொந்தோம். அவர்கள் பொருளைக் குற்றஞ் சாட்டினர். நாம் ஆளைக் குற்றஞ் சாட்டினோம். இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டிலும் ஒரு குறையும் உண்டு. பூசாரியை மட்டும் நொந்தால், அவரைப் பிடித்து வைத்திருக்கும் விதியை மறந்துவிடுவோம்; ஆளை மாற்றிவிட்டு, முறையை அப்படியே விட்டுவிடுவோம். நாடாவை மட்டும் நொந்தாலோ, அதனை முடிந்த கையை மறந்துவிடுவோம். 'என்ன செய்வது, சட்டம் அப்படி' என்று சொல்பவருக்கு அந்தச் சொல் நல்ல மறைவிடமாகிவிடும். நாடா தானே தன்னை முடிந்துகொள்வதில்லை. தேசிக்காய்ச் சாற்றுப் பீப்பாய்களுக்கும் நோயாளிக்கும் நடுவே நின்றது ஒரு பட்டியல் மட்டுமன்று. அந்தப் பட்டியலின் பின்னே ஒளிந்துகொண்ட மனிதர்களும் நின்றார்கள்.

இலங்கை நிருவாகத்தின் பழைய சிவில் சேவை 1963 இல் முடிவுற்றது. 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம், கட்டினுள் என்ன எழுதியிருக்கின்றது என்று கேட்கும் உரிமையைக் குடிமகனுக்கு அளித்தது. காகிதக் கட்டின் இடத்தைக் கணினி பெற்றுவருகின்றது. அதன் திரையில் நாடா ஏதும் இல்லை. ஆயினும் சிவப்பு நாடா என்னும் தொடர் வழக்கொழியவில்லை. பொருள் மறைந்தும் சொல் நிற்கின்றதென்றால், அச்சொல் குறித்த துன்பம் இன்னும் தீரவில்லை என்பதே கருத்து.

ஆகவே ஆங்கிலம் பயிலும் மாணவரே, இத்தொடரை அகராதியில் தேடும்போது, அங்கே தரப்பட்ட ஒருவரிப் பொருளோடு நின்றுவிடாதீர். 1658 இல் தன் காகிதக் கட்டை இழந்து தவித்தவரை நினைத்துக்கொள்ளும். முப்பத்தைந்து படி ஏறிய கொல்லனை நினைத்துக்கொள்ளும். பொதிக்குள் சட்டை இருக்கக் குளிரில் நடுங்கிய வீரனை நினைத்துக்கொள்ளும். நாளை உம்முள் ஒருவர் மேசைக்கு அப்பாலுள்ள நாற்காலியில் அமரக்கூடும். அன்று உம் கைக்கு வரும் கட்டினை அவிழ்க்குமுன், அதனுள் இருப்பது காகிதம் அன்று, வாசலிலே காத்து நிற்கும் ஒரு மனிதனுடைய வாழ்வு என்பதனை எண்ணிக்கொண்டால், இந்த மரபுத்தொடரை நீர் முற்றக் கற்றவராவீர்.